வாசலுக்கு முன்னால்: கல்லூரி வரவேற்பும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கோடை மாதங்களும்

கேள்வி

ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் முதலாமாண்டு வகுப்பு தொடங்கும். வாசலில் பேனர் கட்டியிருக்கும். மேசைமேல் சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ. இரண்டாமாண்டு மாணவிகள் பன்னீர் தெளிப்பார்கள். உள்ளே முதல்வர் உரை, துறைத் தலைவர்கள் அறிமுகம், ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வரும். சான்றிதழ் ஜெராக்ஸ்கள் அடங்கிய பிளாஸ்டிக் ஃபைலைச் சுமந்து வந்த அப்பாவோ சித்தப்பாவோ அதுவரை வேப்பமரத்தடியில் நின்றிருப்பார். அரங்கில் அவருக்கு நாற்காலி போட்டிருப்பது அபூர்வம்.

இந்த நிகழ்ச்சிக்குக் கல்வித் துறையில் இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. ராகிங்கைத் தடுக்கும் முன்னெச்சரிக்கை என்பது ஒன்று. பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிப் படிப்புக்கும் இடையிலான பாலம் என்பது மற்றொன்று. மாணவர் கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டே இரண்டும் பேசுகின்றன. வந்து சேராதவர் இரண்டின் கணக்கிலும் இல்லை. பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்துக்கும் முதல் வகுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகும் ஒரு பிள்ளையை அழைத்து உட்காரவைத்துப் பேசுவது யார் பொறுப்பு என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. கல்வராயன் மலையும் தியாகதுருகம் போன்ற நெடுஞ்சாலை ஊர்களும் அருகருகே இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தை முன்வைத்து இது பரிசீலிக்கப்படுகிறது.

பயத்தில் பிறந்த ஏற்பாடு

இன்றைய வரவேற்பு நிகழ்ச்சிக்கு வடிவம் கொடுத்ததில் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு வகித்தவரின் மகனுக்கே இந்தக் கதி என்பதால் தமிழ்நாடு அதிர்ந்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்றது. உச்ச நீதிமன்றம் 2011இல் தண்டனையை உறுதிசெய்யும்வரை அந்த வழக்கு நீண்டது. கடலுக்கு அப்பாலும் ஏறக்குறைய அதே காலம்: 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பலியானார், மறு ஆண்டே இலங்கை நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது.

இந்தியாவில் தேசிய அளவில் ராகிங்கைப் பரிசீலித்தது, உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த ஆர்.கே. ராகவன் குழு. சி.பி.ஐ. முன்னாள் இயக்குநரான அவர் தலைமையில் 2007இல் அறிக்கை வந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ இறந்ததை அடுத்து, அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றைத் தண்டனைப் பட்டியலாக மட்டும் படிப்பது தவறு. புதியவர் ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து துறைதோறும் இரண்டு வாரத்துக்குள் வரவேற்பு நடத்தி, புதியவர்களின் கூச்சத்தைப் போக்க வேண்டும். ஆசிரியர்கள் முடிந்தவரை விடுதியில் மாணவர்களோடு சாப்பிட வேண்டும் என்றெல்லாம் அவை சொல்கின்றன. மனிதர்களை அறிந்தவர்கள் எழுதிய விதிகள்.

நடைமுறையில் வேரூன்றியதோ உறுதிமொழிப் பத்திரம்தான். மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு ஆன்லைனில் பதிவுசெய்தால் கல்லூரியின் கடமை தாளளவில் தீர்ந்துவிடுகிறது. ஆறு பேருக்கு ஒருவர் என்ற வழிகாட்டியோ, உடன் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆசிரியரோ தணிக்கையில் கேட்கப்படுகிற இனங்கள் அல்ல. 2021இல் பல்கலைக்கழக எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. 1996 சம்பவம் எந்த வளாகத்தில் நடந்ததோ, அந்தப் பெயர் பொறித்த பட்டத்தைத்தான் இம்மாவட்டத்துப் பிள்ளைகள் இன்று வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்று பிறந்திருக்கவில்லை. உறுதிமொழி எதற்கென்று யாரும் சொல்லாவிட்டால் அது வெறும் வாசிப்பு.

சேர்ந்த பிறகு

இரண்டாவது விளக்கம் பாலம் என்பது. இதற்கு முன்மாதிரி ஐ.ஐ.டி. காந்திநகர். 2011இல் அங்கே பாடம் தொடங்குவதற்கு முன் ஐந்து வார அடித்தளப் பயிற்சி தொடங்கப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2017இல் பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது: உடற்பயிற்சி, கலை, மனித விழுமியங்கள், உள்ளூரைச் சுற்றிப் பார்த்தல். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் கையேடு தந்தது. மருத்துவப் படிப்பிலும் அதே ஆண்டு ஒரு மாத அடிப்படைப் பயிற்சி வந்தது. உள்ளூர் மொழியும் கணினியும் அதில் உண்டு.

வரவேற்புச் சடங்கு எவ்வளவு அரசியல் பொதிந்தது என்பதற்கு மதுரை ஓர் உதாரணம். 2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்கள் வெள்ளை அங்கி அணியும் விழாவில் வழக்கமான மருத்துவ உறுதிமொழிக்குப் பதில் பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சரகர் பெயரிலான உறுதிமொழி வாசிக்கப்பட்டது. கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், சில நாட்களில் திரும்ப அமர்த்தப்பட்டார். அந்த ஒரு வார விவாதத்தில் சேர்ந்த மாணவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பது யாருடைய பேச்சிலும் இல்லை.

ஐ.ஐ.டி. முன்மாதிரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே எல்லோரும் வளாகத்துக்குள் தங்கியிருப்பவர்கள். மாலையும் இரவும் பயிற்சியின் பகுதி. அரசு கலைக் கல்லூரியில் பெரும்பாலோர் ஊரிலிருந்து வந்துபோகிறவர்கள். ஊர்ப் பக்கம் போகும் பஸ் எப்போது என்பதில்தான் அவர்களுக்கு நாளின் பிற்பாதி முழுதும் கவனம். பாடம் நடக்காத வாரம் என்று தெரிந்தால் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பையன் அந்த வாரம் வரவே மாட்டான். வறுமைக்குப் பொருந்தாத பாடத்திட்டம் என்று இதைக் குறை சொல்வதைவிட, விடுதி மாணவரை மனத்தில் வைத்து வரைந்த திட்டம் என்று சொல்வது துல்லியம்.

நடுவில் விட்டுப்போன மாதங்கள்

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பகுதியாக அதே ஆண்டு ஜூனில் 'கல்லூரிக் கனவு' வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களை மாவட்டந்தோறும் பெரிய மண்டபத்தில் கூட்டி, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், உதவித்தொகை என்ன, கல்விக் கடன் எப்படி என்று சொல்கிறார்கள். கையேடு தருகிறார்கள். தமிழ்நாட்டில் கல்லூரிக்கு முந்தைய கூடுகை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் இது தேர்ந்தெடுப்பதற்கான கூட்டம். தேர்ந்தெடுத்து, விண்ணப்பித்து, இடமும் கிடைத்த பிறகு வருகிற சந்தேகங்களுக்கு மறுபடி கூட்டம் இல்லை.

அந்த நாட்களில் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் வேறொருவர். தனியார் கல்லூரிகளின் பி.ஆர்.ஓ.க்களும் அவர்களுக்குக் கீழே ஊருக்கு ஒருவராக இயங்கும் ஏஜென்டுகளும் மே மாதத்தில் நெடுஞ்சாலை ஊர்களைச் சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். மாணவரின் பெயர், மதிப்பெண், அலைபேசி எண் எல்லாம் எப்படியோ கையில் இருக்கும். வேனில் குடும்பத்தோடு அழைத்துப்போய் வளாகத்தைக் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு, முதல் ஆண்டுக் கட்டணத்தில் சலுகை என்று சொல்லி, "ஒரிஜினல் இங்கேயே இருக்கட்டும்பா, பத்திரமா இருக்கும்" என்று சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருப்பது மாணவரின் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வணிக நோக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், வரவேற்பு என்றால் என்னவென்று சரியாகப் புரிந்துவைத்திருப்பவர் இந்த ஏஜென்ட்தான். வீட்டுக்கு வருகிறார். பெற்றோரிடம் பேசுகிறார். போக்குவரத்துக்கு வழி சொல்கிறார். சோறு போடுகிறார்.

இன்னொரு முனையில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்காகச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் புறப்பாட்டுக்கு முந்தைய கூட்டங்களை நடத்துகிறது. என்ன எடுத்துப்போவது, இறங்கியதும் எங்கே போவது, வகுப்பில் எப்படிக் கேள்வி கேட்பது என்பதை அங்கே படித்துத் திரும்பியவர்கள் சொல்வார்கள். டெக்சாஸுக்குப் போகிற பிள்ளைக்கு உண்டு. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற பிள்ளைக்கு இல்லை. இரண்டாவது பயணம் தூரத்தில் குறைவு, அவ்வளவே.

மலையும் சாலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தியாகதுருகம் உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில், கோட்டை மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. கரும்பும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி. சேலம், விழுப்புரம், சென்னை பஸ்கள் போகும் தடம் என்பதால் இங்குள்ள மாணவருக்குத் தேர்வுகள் பல. குழப்பமும் அந்த அளவுக்கு அதிகம். காலையில் கல்லூரி பஸ்கள் வரிசையாக வந்து ஏற்றிப்போகும் ஊரில், அரசுக் கல்லூரியில் சேர்வது ஏதோ கிடைக்காமல் போனவர் செய்வது என்ற எண்ணம் எளிதில் தொற்றும்.

கல்வராயன் மலையின் கணக்கு வேறு. 1976இல் ஒழிக்கப்படும்வரை அங்கே ஜாகீர் முறை இருந்தது. நாட்டின் பிற பகுதிகள் கால் நூற்றாண்டுச் சுதந்திரத்தைப் பார்த்த பிறகுதான் அந்த நிலம் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. மலையில் வாழும் மலையாளி சமூகம் தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியது. 2011 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க மூன்றரை லட்சத்துக்கு மேல். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினருக்கு 54. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகே, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று அடிப்படைகளே அந்த விசாரணையின் பொருளாயின.

மலைப் பிள்ளைகளில் பலர் அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். சாப்பாடும் படுக்கையும் பள்ளியிலேயே. பிளஸ் டூ தேர்வு முடிந்த அன்று அது முடிந்துவிடும். வீட்டுக்குப் போனவரைப் பள்ளி மறுபடி கூப்பிடுவதில்லை; கல்லூரிக்கு அவரை இன்னும் தெரியாது. எஸ்டேட் வேலைக்குக் குடும்பத்தோடு வெளியூர் போகும் வழக்கமுள்ள வீடு என்றால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்த பிறகுதான் மலைக்குத் திரும்புவார்கள். அப்புறம் காகிதங்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதற்கும் இந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து ஆதாரில் ஒன்றாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறாகவும் இருந்தால் இ–சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைவதிலேயே ஜூன் தீர்ந்துவிடும். கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிட்டவரிடம் காரணம் கேட்டால் "இஷ்டமில்ல சார்" என்று சொல்லக்கூடும். அலைச்சலை அப்படித்தான் கௌரவமாகச் சொல்ல முடியும்.

இந்த இழப்பை அரசு அறியாமல் இல்லை. கல்லூரியில் சேராமல் நின்றவர்களைத் தேடிக் கோட்ட அளவில் கூட்டி, கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வங்கி, இ–சேவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம் அதற்குச் சான்று. அமைப்பில் இதைவிட நல்ல கூட்டம் இருக்க முடியாது. 2024இல் அது நடந்தது செப்டம்பரில். அப்போது முதல் பருவத்தின் பாதி ஓடியிருந்தது.

சான்றுகள் சொல்வது

சேர இடம் கிடைத்தும் கோடையிலேயே கரைந்துபோகும் மாணவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும். 2014இல் வெளிவந்த அவர்கள் நூல், கல்லூரிக்குப் போவதாக முடிவெடுத்தவர்களில் 10 முதல் 40 விழுக்காடு வரை, இடத்துக்கு இடம் மாறுபட்டு, முதல் நாள் வந்து சேர்வதில்லை என்று மதிப்பிட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இது அதிகம். கோடையில் சில மணி நேர ஆலோசனையும் நேரம் பார்த்து அனுப்பிய குறுஞ்செய்திகளும் குறைந்த செலவில் பலன் தந்தன என்பது அவர்களுடைய முடிவு.

இதை அப்படியே இங்கு பொருத்துவதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரே மாணவர் கலைக் கல்லூரியிலும் பொறியியல் கலந்தாய்விலும் பாராமெடிக்கல் வரிசையிலும் ஒரே நேரத்தில் நிற்கிறார். கலைக் கல்லூரியில் சேர்ந்து, கலந்தாய்வில் இடம் வந்ததும் போய்விடுகிறவர் வருகைப் பதிவேட்டில் இடைநின்றவர்போலத் தெரிவார். அவர் இழப்பு அல்ல. 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47, நாட்டுக்கு 28.4. இந்தப் பெருமிதமான சராசரிக்குள் தியாகதுருகத்திலிருந்து இடம் மாறிப் போனவரும் மலையில் நின்றுபோனவரும் ஒருவரை ஒருவர் மறைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது சான்று கூட்டத்தின் உள்ளடக்கம் பற்றியது. நிக்கோல் ஸ்டீவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூத்த மாணவர்கள் புதியவர்கள் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு குழுவுக்குப் பொதுவான அறிவுரை. மற்றொரு குழுவுக்கு அதே அறிவுரை, ஆனால் பேசுகிறவரின் குடும்பப் பின்னணியோடு: வீட்டில் படித்தவர் இல்லாததால் எந்தப் பாடம் எடுப்பதென்று கேட்க ஆளில்லை, ஆகவே ஆசிரியரைத் தேடிப் போனேன் என்பதுபோல. இரண்டாவது குழுவில் முதல் தலைமுறையினர் ஆசிரியர்களை அதிகம் நாடினார்கள். ஆண்டு முடிவில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி மறைந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய ஆய்வு என்பதை நினைவில் வைத்தே இதை எடுத்தாள வேண்டும்.

பின்னணியைச் சொல்வது நம்மிடத்தில் அவ்வளவு எளிதா என்பது கடினமான கேள்வி. "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற விசாரிப்பு இங்கே குசலம் விசாரிப்பதோடு நிற்பதில்லை, சாதியைத் தோண்டி எடுக்கும் வழியும் அதுவே. டெல்லி எய்ம்ஸ் பற்றிய சுகதேவ் தோரட் குழு அறிக்கை 2007இல் ராகிங்கும் விடுதி ஒதுக்கலும் சாதிவழி நடந்ததைப் பதிவுசெய்தது. கலப்புக் கூட்டத்தில் மேடையேறி "நான் மலையிலிருந்து வந்தவள்" என்று சொல்லும் மாணவிக்கு அடுத்த நாள் வகுப்பில் என்ன பெயர் சூட்டப்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆகவே அந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் கல்லூரி அரங்கைவிட வெள்ளிமலையிலுள்ள பள்ளியே. அதே பள்ளியில் படித்து, இப்போது கள்ளக்குறிச்சியில் இரண்டாமாண்டு படிக்கும் பெண் தனக்குப் பின்னால் பள்ளி முடித்த பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசும்போது பின்னணியை அறிவிக்கத் தேவையே இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் மாதம் ஆங்கிலப் பாடம் புரியவில்லை, யாரிடம் போய்க் கேட்டேன், விடுதியில் இடம் கிடைக்காதபோது எங்கே தங்கினேன், பஸ் பாஸ் வரும்வரை டிக்கெட்டுக்கு என்ன செய்தேன் என்பவை அவளால் மட்டுமே சொல்ல முடிந்த விவரங்கள்.

நடத்துவது யார்

மூத்த மாணவர்கள் கையில் விட்டால் வரவேற்பு மறுபடி ராகிங்காகத் திரியும் என்ற ஆட்சேபம் வெறும் பயமல்ல. ஒழுங்குக்குப் பெயர்போன சிங்கப்பூரிலேயே, 2016 ஜூலையில் தேசியப் பல்கலைக்கழகம் மாணவர்கள் நடத்திய அறிமுக முகாம்களை, ஆபாச விளையாட்டுப் புகார்களால், நடுவிலேயே நிறுத்த வேண்டிவந்தது. இரவு தங்கும் முகாமுக்கும் பகலில் பள்ளி வகுப்பறையில் பெற்றோர் முன் நடக்கும் கூட்டத்துக்கும் வேறுபாடு உண்டு என்றாலும், ஆசிரியர் ஒருவர் உடன் இருப்பது கட்டாயம்.

அந்த ஆசிரியரைத் தேடும்போதுதான் திட்டம் தடுக்கி விழுகிறது. பள்ளி ஆசிரியருக்கு மே மாதம் விடுமுறை; மாணவர் இப்போது அவர் பொறுப்பிலும் இல்லை. பழங்குடியினர் நலத் துறைக்குப் பள்ளியும் விடுதியும்தான் எல்லை. வருவாய்த் துறை சான்றிதழ் கொடுக்கும், பேசாது. மிஞ்சுவது கல்லூரி. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் சுமையின் பெரும்பகுதி 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் தோளில் இருக்கிறது. இவர்களிலேயே மலையும் சுற்று ஊர்களும் அறிந்தவர்களைத் தேடிப் பிடிக்க முடியும். இவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், ஆண்டில் பதினொரு மாதங்களுக்கு. சம்பளம் இல்லாத மாதம் மே. அந்த ஒரு மாதத்துக்கும் ஊதியம் கேட்டு அவர்கள் நெடுநாளாகப் போராடுகிறார்கள். அந்த மாதத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இந்தக் கூட்டமே பதில்.